சவரிமுத்து செய்த தூக்கம்

எங்கள் மலைக் கல்லூரியில் மதியமே மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். மருந்தியல் ஆய்வகத்தில் குடுவை எது, மேகம் எது என்று தெரியாது. அங்கே படித்ததெல்லாம் பாதித் தூக்கத்தில் படித்த மாதிரிதான் எனக்கு நினைவு.

எங்கள் வகுப்பில் மூத்தவர் சவரிமுத்து. ஆசிரியை மைமூனைவிடவே பத்துப் பதினைந்து வயது பெரியவர். மருந்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மாணவராக வந்து சேர்ந்திருந்தார். ஏன் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். மகன் இறந்த பிறகு அவர் மனைவி பிலோமினாவுக்குத் தூக்கமே இல்லை. டாக்டர்கள் கொடுத்த எந்த மாத்திரையும் கேட்கவில்லை. "அவளுக்குன்னு ஒரு தூக்கத்தை நானே செய்யறேன்" என்று கிளம்பி வந்த மனுஷன்.

செய்தும்விட்டார்.

அன்று ஒரு வெள்ளெலிக்கு அந்த மருந்தை ஊசியில் ஏற்றினார். அது சுருண்டு படுத்தது. மீசைகூட ஆடவில்லை. வயிறு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. அடடா, என்ன தூக்கம்! பார்த்த எங்களுக்கே கொட்டாவி வந்தது.

"மேடம், இந்த மருந்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவா?" என்றார் சவரிமுத்து.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மைமூன் கோபப்படவில்லை.

"மூலக்கூறைப் பலகையில போடுங்க சார்."

போட்டார். சும்மா சொல்லக்கூடாது, அழகான மூலக்கூறு.

"கல்லீரல் மருந்தை வெட்டி வெளியே அனுப்பற இடம் ஒண்ணு இதுல இருந்துச்சே?"

"இதோ, இங்கே. ஒரு ஃபுளோரின் அணுவை வெச்சு அடைச்சுட்டேன். இனிமே கல்லீரலோட பாச்சா பலிக்காது, மருந்து உடம்பை விட்டுப் போகாது."

"ஏன் அடைச்சீங்க?"

"நடுவுல அவ முழிச்சுடக் கூடாது மேடம்." அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "முழிச்சா பையனைத் தேடறா."

மைமூன் ஒரு முக்காலியை இழுத்துக் கூண்டுக்கு முன்னால் போட்டார்.

"உட்காருங்க. எலி முழிச்சதும் பேசுவோம்."

சவரிமுத்து உட்கார்ந்தார். எலி முழிக்கவில்லை. சாயங்காலம் அதன் மூக்கருகே ஒரு கேரட் துண்டை வைத்தார். பக்கத்துக் கூண்டு எலிகள்தான் மூக்கை நீட்டி நீட்டித் தவித்தன.

மறுநாளும் மேகம் வந்தது. சவரிமுத்து அதே முக்காலியில் இருந்தார். கேரட் வாடிப்போயிருந்தது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து எலியின் வாயோரம் ஒற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் வழிந்து கீழே போனது.

மைமூன் தானும் ஒரு முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க வீட்டம்மா காலையில எழுந்ததும் முதல்ல என்ன செய்வாங்க சார்?"

"எங்கே மேடம் எழறது? தூங்கினாத்தானே."

"முன்னாடி?"

சவரிமுத்து மேகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கண்ணைத் திறக்காமலே 'ஏங்க'ன்னு கூப்பிடுவா. வேலை ஒண்ணும் இருக்காது. நான் பக்கத்துல இருக்கேனான்னு பார்க்கத்தான். நான் 'ம்'னு சொன்னப்புறம்தான் கண்ணைத் திறப்பா."

எலியின் வயிறு ஏறியது, இறங்கியது. பிறகு இன்னும் மெதுவாக. சவரிமுத்து கூண்டைத் தட்டினார். கதவைத் திறந்து விரலால் அதன் முதுகைத் தடவினார்.

"எழுந்திரு. எழுந்திரும்மா. போதும், எழுந்திரு பிலோமி."

நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். பாவம், அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இறங்கிய வயிறு அதற்கப்புறம் ஏறவில்லை.

வெகுநேரம் அவர் கையை எடுக்கவே இல்லை. பிறகு கேட்டார்:

"எங்கே மேடம் தப்புப் பண்ணினேன்? தூக்கம் சரியாத்தானே வந்துச்சு?"

"தூக்கம் நல்லாத்தான் வந்துச்சு சார்." மைமூன் எழுந்து பலகைக்குப் போனார். அடைத்த இடத்தின் மேல் விரலை வைத்தார். "அவங்க 'ஏங்க'ன்னு கூப்பிடற காலையும் இந்த வழியாத்தானே வரணும்?"

சவரிமுத்து வந்து அந்த ஃபுளோரினை மட்டும் உள்ளங்கையால் அழித்தார். மேகத்தைப் பார்த்து, மிக மெதுவாக, "ம்" என்றார்.