எடுத்த காலை வைக்காத பச்சோந்தி

அந்தக் காலத்தில், ஊர்வதும் பறப்பதும் நம்மைப் போலவே வாயாடிக்கொண்டிருந்த நாளில், பச்சோந்தி இப்படித் தள்ளாடி நடக்கவில்லை. மரகதம் என்றொரு பச்சோந்தி இருந்தாள். ஓட்டத்தில் ஓணான்கூட அவளை முந்த முடியாது. இரண்டு கண்ணும் நேரே பார்க்கும். காலை வைத்தால் வைத்ததுதான்.

அவள் ஓடைக்கரையில் குழி தோண்டி, இருபது முட்டை இட்டு, மண்ணைத் தள்ளி மூடினாள். அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்டால்தானே! பக்கத்துக் கருவேல மரத்தில் ஏறிக்கொண்டு, "நேத்து சரியா மூடினேனா? நாளைக்கு எவனாவது தோண்டிட்டா?" என்று ஒரே புலம்பல்.

உச்சிக்கு வந்த சூரியனைக் கூப்பிட்டாள். "சாமி, நேத்தும் உங்களுக்குத் தெரியும், நாளையும் தெரியும். எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்."

"இன்னிக்குன்னு ஒண்ணு இருக்கே, அது போதாதா உனக்கு?"

"பெத்த வயிறு சாமி. போதாது."

சூரியனுக்கு இரக்கம் வந்துவிட்டது. வினையும் கூடவே வந்தது. "இடக்கண்ணில் நேற்று, வலக்கண்ணில் நாளை. கண்ணை மட்டும் உருட்டாதே, குழம்பிப்போவாய்" என்று சொல்லி வரத்தைக் கொடுத்துவிட்டார்.

உருட்டாதே என்றால் யாருக்குக் கண் சும்மா இருக்கும்? உருட்டினாள். ஒன்று மேலே போனது, ஒன்று முதுகுப் பக்கம் போனது. ஒரு கண்ணில் முட்டைகள் பத்திரமாக இருந்தன. இன்னொன்றில் குழி திறந்து கிடந்தது, சுற்றிலும் உடைந்த ஓடு. ஐயோ, இதில் எது நேற்று, எது நாளை? உருட்டிய உருட்டலில் இரண்டும் கலந்துவிட்டன. உடைந்த ஓடு மறுபடி முட்டையாகுமா என்று ஒரு கணம் நிதானித்திருந்தால் புரிந்திருக்கும். பதறின நெஞ்சுக்கு நிதானம் ஏது! 'நேத்துன்னா ஓடிப் பயனில்ல. நாளைன்னா உடனே ஓடணும்.' முன்னங்காலைத் தூக்கினாள். வைக்கவில்லை. பின்னுக்கு இழுத்தாள். மறுபடி நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து உடும்பு வந்து குழியைத் தோண்டத் தொடங்கியது. மேல்கிளையில் இருந்த கரிச்சான் குருவி கத்தியது. "மரகதக்கா, உடும்பு! ஓடி வாங்க! நான் அவன் கண்ணைக் கொத்துறேன், நீங்க முட்டையைக் காப்பாத்துங்க!"

"எப்போ? நேத்தா, நாளைக்கா?"

"இப்போக்கா, இப்போ!"

"இப்போன்னா... அது எந்தக் கண்ணுல தெரியும்?"

கரிச்சான் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். பாவம், தனியாகவே பறந்து பறந்து கொத்தியது. மரகதத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி. அவள் குழிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, உடும்பும் வயிறு நிறைந்து போய்விட்டிருந்தது.

அப்போதுதான் இரண்டு கண்ணும் ஒன்றாகச் சேர்ந்து நேரே பார்த்தன. மண்ணில் ஓடுதான் கிடந்தது. மரகதம் விழுந்து புரண்டு அழுதாள்.

"சாமி! நேத்தும் வேணாம், நாளையும் வேணாம். மறுபடி அந்த உச்சிக்குப் போங்க. ஒரே ஓட்டத்துல வந்துடறேன்!"

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டே சொன்னார். "வந்த வழியே நான் என்றைக்காவது திரும்பியிருக்கிறேனா, மகளே?"

அன்று முதல்தான் பச்சோந்தி ஒரு கண்ணை முன்னும் ஒரு கண்ணைப் பின்னும் உருட்டிக்கொண்டு, எடுத்த காலை வைக்கலாமா வேண்டாமா என்று ஆட்டி ஆட்டி நடக்கிறது. மூக்குக்கு நேரே ஒரு பூச்சி வந்தால் மட்டும் அந்தக் கண்கள் இரண்டும் சேர்ந்துகொள்ளும், அதற்கு 'இப்போது' என்பது அவ்வளவுதான்.