மூழ்கிய டவர்

கெமிக்கல் இன்ஜினியரிங் தேர்வின் மாஸ் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் மாசிலாமணி இரண்டு முறை தோற்றிருந்தார். முதல் முறை பாடம் தெரியாமல். இரண்டாம் முறை கோபத்தால்.

கலவையைக் கொதிக்கவைத்துப் பிரிக்கும் டவருக்குள் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு தட்டிலும் ஆவியும் திரவமும் முழுச் சமநிலைக்கு வருவதாக வைத்துக்கொண்டு கணக்கைப் போடு என்றது கேள்வித்தாள். மாசிலாமணி கணக்கைப் போடவில்லை. இப்படி ஒரு டவர் உலகத்தில் எங்கேயும் கிடையாது, பதினெட்டு வருஷம் டவர் ஓட்டியவன் சொல்கிறேன் என்று அரைப்பக்கம் எழுதிவைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். திருத்தியவர் பூஜ்யம் போட்டார்.

அவருக்கு நாற்பத்து நாலு வயது. கடலூர் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஆபரேட்டர். டிப்ளமோ படித்தவர். வேலையில் இருந்துகொண்டே எழுதிப் பட்டம் வாங்கும் தேர்வு ஒன்று உண்டு, அதற்குத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

பாடம் சொல்லிக்கொடுத்த கார்குழலிக்கு இருபத்தெட்டு வயது. டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை, ஒரு கரும்பலகை, பதினோரு பேர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வகுப்பு. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் மேலே வரும். மாசிலாமணியை வகுப்பில் எல்லாரும் அண்ணா என்றார்கள். கார்குழலியும் அப்படித்தான் கூப்பிட்டார். அவர் பதிலுக்கு ‘மேடம்’ என்பார். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் வகுப்பை நடத்தவிட மாட்டார்.

“தட்டுல சமநிலையே வராது மேடம். நான் கண்ணால பார்த்தவன்.”

“வராதுதான். முதல்ல வரும்னு வச்சுக் கணக்குப் போடுவோம். அப்புறம் எவ்வளவு வரலைன்னு கழிப்போம்.”

“இல்லாததை எதுக்கு வச்சுக்கணும்? ஏசி ரூம்ல உட்கார்ந்து எழுதினவன் புத்தகம் இது.”

ஒவ்வொரு வாரமும் இது நடந்தது. நடந்து முடிந்ததும், தவறாமல், அந்தப் பழைய கதை வந்துவிடும். பதினோரு பேருக்கும் அது மனப்பாடம்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு காலை ஷிஃப்ட். கழிவுக் கரைசலை அடியில் நீராவிச் சூட்டில் கொதிக்கவைத்து டொலுயீன் என்ற கரைப்பானைப் பிரித்தெடுக்கும் டவர் மாசிலாமணியின் பொறுப்பில் ஓடிக்கொண்டிருந்தது. பிரணவ் என்று ஒரு இன்ஜினியர், காலேஜிலிருந்து நேராக வந்தவன், பதினொன்றே காலுக்குக் கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்தான். டவர் உச்சியில் ஆவி குளிர்ந்து திரவமாகும். அதில் ஒரு பங்கைத் திரும்ப டவருக்குள்ளேயே விடுவார்கள், ரிஃப்ளக்ஸ் என்று அதற்குப் பேர். அந்த வால்வை அவன் தாராளமாகத் திறந்துவிட்டான். அஞ்சே நிமிஷம். டவர் மூழ்கியது. கீழே இறங்க வேண்டிய திரவமெல்லாம் இறங்க வழியில்லாமல் தட்டுத்தட்டாகத் தேங்கி மேலே ஏறி, உச்சிக் குழாய் வழியாகக் கொதிக்கக் கொதிக்க வெளியே கொட்டியது. டவரை ஒட்டிய மேடையில் சாம்பிள் எடுத்துக்கொண்டிருந்த ஞானப்பிரகாசத்தின் கழுத்திலும் இடது கையிலும் விழுந்தது.

ஞானப்பிரகாசம் மாசிலாமணியோடு பன்னிரண்டு வருஷம் ஒரே ஷிஃப்டில் இருந்தவர். ஒருவர் டிபனை ஒருவர் எடுத்துச் சாப்பிடுகிற பழக்கம். இரண்டு மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்து, விசாரணையில் ஒரே வாக்கியம் சொன்னார். “இன்ஜினியர் வர்றதுக்கு முன்னாடியே மாசி நீராவியைக் கூட்டிட்டான்.”

டவரிலிருந்து மாசிலாமணியை எடுத்துக் கழிவுநீர்த் தொட்டி வேலைக்குப் போட்டார்கள். பிரணவ் வேறு ஊருக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

“தன் கையைச் சுட்டவன் பக்கமே ஞானம் சாட்சி சொல்றான் மேடம்! டிகிரிக்காரன் பேச்சுன்னா அம்புட்டு மரியாதை. இருக்கட்டும். நானும் டிகிரி வாங்கறேன். வாங்கிட்டு, அந்த விசாரணை ஃபைலைத் திறங்கடான்னு போய் நிக்கறேன்.”

ஞானப்பிரகாசத்தின் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தபோது உறையைக்கூடப் பிரிக்காமல் பரண்மேல் போட்டதையும் அவர் மறைக்காமல் சொல்வார். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

தேர்வுக்கு நாலு வாரம் இருந்தபோது கார்குழலி டவர் மூழ்கும் பாடத்தை எடுத்தார். ஆவி எந்த வேகத்துக்கு மேல் போனால் திரவம் கீழே இறங்க முடியாது என்று கண்டுபிடிக்கும் முறை. பலகையில் சூத்திரத்தை எழுதித் திரும்புவதற்குள் மாசிலாமணி எழுந்துவிட்டார்.

“மேடம், ஒண்ணு கேக்கறேன். புத்தகத்துல இருக்கற டவருக்கும் நிஜ டவருக்கும் என்னதான் சம்பந்தம்? இந்தச் சூத்திரத்தை வச்சு எவனாவது ஒரு டவரைக் காப்பாத்தியிருக்கானா? அன்னைக்கு அந்தப் பிரணவ் வந்து...”

கார்குழலி கையிலிருந்த சாக்பீஸை மேஜைமேல் எறிந்தார். அது இரண்டாக உடைந்து ஒரு துண்டு தரையில் உருண்டது. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

“போதும்ணா! பத்துப் பேரு பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருக்காங்க. ஆறு மாசமா உங்க கோபத்துக்குத்தான் நான் கிளாஸ் எடுத்துக்கிட்டிருக்கேன்.”

மாசிலாமணிக்கு முகம் சிவந்தது. தன்னைவிடப் பதினாறு வயது இளைய பெண். பையை எடுத்தார்.

“போறதுன்னா போங்க. ஆனா கேள்வி கேட்டுட்டுப் போறீங்க. பதில் வேண்டாமா?”

“என்ன பதில்?”

“மத்தவங்க இன்னைக்குக் கிளம்பலாம். அண்ணா, நீங்க இருங்க. உங்க டவரையே போடுவோம். புத்தக டவர் வேண்டாம்.”

மற்றவர்கள் சத்தமில்லாமல் படி இறங்கினார்கள். மாசிலாமணி பையை வைத்தார். ஆத்திரத்தோடு ஒரு உற்சாகமும் சேர்ந்துகொண்டது. இத்தனை நாள் வாயால் சொன்னதைக் கணக்காகவே நிரூபித்துவிடலாம். தாளில் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பலாம். ஞானப்பிரகாசத்துக்கும் ஒரு காப்பி அனுப்பலாம்.

கார்குழலி ஒரு முழுச் சாக்பீஸை அவர் கையில் கொடுத்துவிட்டு, போய் மாணவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“டவர் குறுக்களவு?”

சொன்னார். எழுதினார்.

“தட்டுக்குத் தட்டு இடைவெளி?”

சொன்னார். அளவெல்லாம் அவருக்கு நாக்கு நுனியில் இருந்தது. திரவத்தின் அடர்த்தி, ஆவியின் அடர்த்தி, எல்லாம். பாடப்புத்தக வரைபடத்திலிருந்து ஒரு எண்ணை எடுத்தார். பெருக்கினார்.

“மூழ்கற வேகம் ஒண்ணு புள்ளி ஏழு,” என்றார். “செகண்டுக்கு ஒண்ணே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்கு மேல ஆவி போனா டவர் காலி.”

“வழக்கமா எவ்வளவு நீராவி குடுப்பீங்க?”

“மணிக்கு ரெண்டாயிரத்து எண்ணூறு கிலோ.”

“போடுங்க.”

போட்டார். ஆவியின் வேகம் ஒன்று புள்ளி நாலு வந்தது.

“பார்த்தீங்களா!” என்றார் மாசிலாமணி. பலகையைத் தட்டினார். “எம்புட்டு இடம் இருக்கு பாருங்க. பதினெட்டு வருஷம் இப்படித்தான் ஓட்டினேன்.”

“சரி. அன்னைக்கு?”

“அன்னைக்குன்னா?”

“அன்னைக்கு நீராவி எவ்வளவு?”

“கொஞ்சம் கூட்டினேன். லேப்லேர்ந்து போன் பண்ணாங்க, அடியில டொலுயீன் தங்குதுன்னு. எல்லா ஆபரேட்டரும் கூட்டறதுதான்.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

“வால்வை ரெண்டு சுத்து.”

“மீட்டர்ல எவ்வளவு காட்டுச்சு?”

மாசிலாமணி பலகையைப் பார்த்தபடி நின்றார். கீழே காற்று அடிக்கும் மெஷின் ஓடி நின்றது.

“மூவாயிரத்து எண்ணூறு,” என்றார்.

“போடுங்க.”

அவர் போட்டார். நீராவியிலிருந்து வெப்பம், வெப்பத்திலிருந்து ஆவி, ஆவியிலிருந்து வேகம். விடை வந்த இடத்தில் சாக்பீஸ் நின்றது. ஒன்று புள்ளி ஒன்பது.

அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதே ஒன்று புள்ளி ஒன்பது.

“வரைபடத்துல எங்கேயோ தப்பா எடுத்துட்டேன்.”

“எடுங்க, மறுபடி.”

எடுத்தார். மாறவில்லை.

“இந்தச் சூத்திரமே தோராயம் மேடம்! பத்து சதவீதம் முன்னப்பின்ன வரும்னு புத்தகத்துலயே போட்டிருக்கு.”

“ஆமா. அந்தப் பத்தையும் உங்க பக்கமே சாய்ச்சுக்கோங்க.”

ஒன்று புள்ளி ஏழோடு பத்து சதவீதத்தைக் கூட்டினார். ஒன்று புள்ளி எட்டு ஏழு. கீழே ஒன்று புள்ளி ஒன்பது அப்படியே இருந்தது.

மாசிலாமணி திரும்பினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. “என்ன சொல்ல வர்றீங்க? நான்தான் ஞானத்தைச் சுட்டேன்றீங்களா? அப்ப அந்தப் பிரணவ்? ரிஃப்ளக்ஸை அவன்தானே திறந்தான்? எல்லாரும் சேர்ந்து ஆபரேட்டர் தலையிலயே வைங்க!”

“அவர் திறந்தது தப்புதான். அதை நான் இல்லைன்னு சொல்லல.” கார்குழலி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. “அவர் எத்தனை மணிக்கு வந்தாரு?”

“பதினொண்ணே கால்.”

“நீங்க நீராவி கூட்டினது?”

“பத்தே முக்கால்.”

“நடுவுல அரை மணி நேரம் இருக்கு. டவர் என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு?”

மாசிலாமணி பலகையில் பத்தே முக்கால், பதினொன்றே கால் என்று இரண்டையும் எழுதினார்.

மூன்று வருஷம் கதை சொன்னபோது அந்த அரை மணி நேரத்துக்குள் அவர் ஒரு தடவையும் போனதில்லை. இப்போது போனார். கன்ட்ரோல் ரூமில், டவர் அடி அழுத்தத்தைக் காட்டும் முள் நடுங்கிக்கொண்டிருந்தது; டவர் மூழ்கத் தொடங்கினால்தான் அது அப்படி ஆடும். பதினொரு மணி இருக்கும். ஞானப்பிரகாசம் சாம்பிள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கன்ட்ரோல் ரூம் வாசலில் நின்றார். “மாசி, முள்ளு ஆடுதுடா. நீராவியைக் கொஞ்சம் குறையேன்.” தான் என்ன சொன்னோம் என்பதும் அவருக்கு ஞாபகம் வந்தது. “நீ போய் உன் வேலையைப் பாரு.” ஞானப்பிரகாசம் தன் வேலையைப் பார்க்கத்தான் மேடைக்கு ஏறினார்.

மாசிலாமணி முன்பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் கேட்டார். அதிலும் கோபம்தான் இருந்தது.

“உங்களுக்கு எப்பத் தெரியும் மேடம்?”

“தெரியாது. சந்தேகம்தான். அவ்வளவு கதை சொன்னீங்க, எல்லா அளவும் சொன்னீங்க, நீராவிக் கணக்கு மட்டும் ஒரு தடவையும் சொல்லல.”

“அப்பவே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமில்ல? ஆறு மாசம் என்னைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்தீங்களா?”

“சொன்ன ஆள் ஒருத்தர் ஏற்கெனவே இருக்காரே. அவரை என்ன பண்ணீங்க?”

மாசிலாமணி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். படியில் அவர் செருப்புச் சத்தம் கடைசிவரை கேட்டது. பலகையில் இருந்த கணக்கைக் கார்குழலி அழிக்கவில்லை. ஒரு தாளில் அப்படியே எழுதி மடித்து வைத்துக்கொண்டு, பிறகுதான் அழித்தார்.

அடுத்த ஞாயிறு மாசிலாமணி வரமாட்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள். வகுப்புக்கு அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார். சட்டை முதுகெல்லாம் வேர்வை. அறையில் கார்குழலி மட்டும் இருந்தார்.

“போனேன் மேடம்.”

“எங்கே?”

“ஞானம் வீட்டுக்கு. நேத்து. போகக் கூடாதுன்னு ஆறு நாள் இருந்தேன். முடியல. போனேன்.”

கார்குழலி அவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அவன் பொண்டாட்டிதான் ஜன்னல்ல பார்த்துச்சு. உள்ள போய்ச் சொல்லிச்சு. அவன் குரல் வெளிய கேக்குது. ‘இல்லைன்னு சொல்லு’ங்கறான். நான் வாசல்ல நிக்கறேன், எனக்குக் கேக்கும்னு தெரிஞ்சே சொல்றான். ஞானம், நான்தான்டா, தப்பு என் மேலதான்டான்னு கத்தினேன். அடுத்த வீட்டுக்காரனெல்லாம் வெளிய வந்து பார்க்கறான். அப்பவும் கதவைத் திறக்கல.” மாசிலாமணி பெஞ்சில் கையால் ஓங்கி அடித்தார். “ஒரு மனுஷன் தெருவுல நின்னு தப்பை ஒத்துக்கறான். அதுக்கு மேல என்ன மேடம் வேணும் அவனுக்கு? என்ன திமிரு! இனிமே அந்தத் தெருப் பக்கம் காலடி வைக்க மாட்டேன்.”

“வாசல்ல எவ்வளவு நேரம் நின்னீங்க?”

“பத்து நிமிஷம் இருக்கும்.”

கார்குழலி போன வாரம் மடித்து வைத்த கணக்குத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“இதை ஒத்துக்க உங்களுக்கு மூணு வருஷம் ஆச்சுண்ணா.”