வீட்டுக்குள் வந்த யானை

மருதங்குளம் ஜமீனில் யானைப்பாகன் இறந்துபோக, அவர் மகள் வடிவாம்பா அந்த வேலையைக் கேட்டுப் போனாள். ஜமீன் யானை கோமளம் அவள் பேச்சைத்தான் கேட்கும்.

ஜமீன்தார் சீறினார். "பொட்டையாப் பொறந்தது வீட்டுக்குள்ளதான் கிடக்கணும். இது என் உத்தரவு!"

"சரிங்க எசமான்" என்று போனவள், கோமளத்தை ஓட்டிவந்து அரண்மனை வாசலுக்குள் நுழைத்தாள். பாதி யானை கூடத்துக்குள் வந்தது. நிலைக்கதவு பெயர்ந்தது. ஜமீன்தார் ஊஞ்சலிலிருந்து குதித்தார்.

"என்னடி அநியாயம் இது?"

"உங்க உத்தரவுதான் எசமான். இதுவும் பொட்டைதானே."

ஊரே கூடிச் சிரித்தது. ஜமீன் ஆட்கள் எத்தனை அதட்டியும் யானை அசையவில்லை.

"தாயே, இனிமே நீதான் பாகன். வெளியே கூட்டிட்டுப் போ!"

"தெருவுக்கா எசமான்? நாங்க ரெண்டு பேருமா?"

"ஆமா" என்று அவர் ஊர் கேட்கச் சொன்ன பிறகுதான் வடிவாம்பா யானையின் காதைத் தொட்டாள்.