ஐந்தாவது விலக்கு

ஆற்றுக்கு இக்கரையில் ஒரு நாடு, அக்கரையில் ஒரு நாடு. பெயரைச் சொன்னால் இரண்டு பக்கமும் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடலாம்.

இக்கரை அரசனின் பட்டத்து யானை ஒருநாள் கரும்பு வாசனைக்கு ஆற்றைக் கடந்து போய்விட்டது. அக்கரை அரசன் அதைப் பிடித்துக் கட்டிவைத்தான். பெரிய அவமானம் என்றார்கள், போர் என்றார்கள். பதினோராம் நாள் யானை சங்கிலியை அறுத்துக்கொண்டு தானாகவே திரும்பி வந்து கொட்டிலில் நின்று தழை தின்றது. ஆனால் அதற்கு முந்தின நாள்தான் நல்ல நேரம் பார்த்து அரசனின் வாளையும் குடையையும் எல்லைக்கு அனுப்பியிருந்தார்கள். புறப்பட்ட வாள் சும்மா திரும்பக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். யானைதான் வந்துவிட்டதே என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

எயினனுக்கு வந்தது. அதுவும் குன்றின் மேல், குரத்தியாரிடம் மட்டும்.

குரத்தியார் என்பது அந்தக் குன்றில் தவமிருந்த ஆசிரியைக்கு ஊரார் வைத்த பட்டம். அவருக்கு நாற்பது வயது இருக்கும். மாணவன் எயினனுக்கு ஐம்பத்தெட்டு. இருபத்தைந்து வருடம் அரசனின் வேல்படையில் இருந்து, பாதிக் காதைப் பறிகொடுத்து, ஐந்து வருடத்துக்கு முன் குன்றேறி நோன்பு எடுத்தவன். அவனுடைய மகன் வேண்மான் இப்போது அதே வேல்படையில் முதல் வரிசையில் இருந்தான்.

"அம்மா, இந்தப் போர் எனக்குப் பிடிக்கவில்லை" என்றான் எயினன்.

"எனக்கும்தான்."

"இந்த நாட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவன் நான். நாடே போருக்குப் போகும்போது நான் மட்டும் வேண்டாம் என்றால் அது துரோகம் இல்லையா? இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஒருவன் குரலால் என்ன ஆகிவிடும்?"

நாளைக் காலையில் ஆற்றுக்குப் போக வேண்டும், தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு வாரும் என்று மட்டும் குரத்தியார் சொன்னார்.

ஆற்றில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. அந்த இரண்டு நாடுகளுக்கும் பொதுவான வேலை.

முதல் அம்பு பறக்கும் முன் நோன்பு எடுத்த ஒருவர் ஆற்றின் நடுத்திட்டில் நின்று, யார் யார் போரிலிருந்து விலகலாம் என்று இரு படைக்கும் கேட்கும்படி கூவ வேண்டும். காய்ச்சல்காரன் விலகலாம். மணமாகி ஒரு வருடம் ஆகாதவன் விலகலாம். அண்ணன் தம்பியாக வந்திருந்தால் தம்பி விலகலாம். பார்வை மங்கியவன் விலகலாம். நான்கே விலக்கு, ஒரு வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் முடிந்துவிடும். அதன் பிறகு பத்து எண்ணும் வரை குரல் எழாவிட்டால் படைத்தலைவன் சங்கு ஊதுவான். சங்குக்கு முன் கை ஓங்கிச் செத்தவனுக்கு நடுகல் கிடையாது, அவன் கொள்ளையடிக்கப் போய்ச் செத்தவன் கணக்குத்தான். நடுகல் இல்லாத சாவுக்கு எந்த வீரனும் தயாராக இல்லை. அதனால் அரசனே உத்தரவிட்டாலும் சங்குக்கு முன் ஒருவனும் அசைய மாட்டான். கூவுகிறவர் மேல் கை வைக்கவும் மாட்டான்.

மறுநாள் வெயில் ஏறும்போது குரத்தியார் திட்டில் ஏறி நின்றார். எயினன் குடத்தோடு பின்னால் நின்றான். கோடைக் காலம், ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர்.

நான்கு விலக்கும் சொல்லியாயிற்று. காய்ச்சல்காரர்கள் இரண்டு பேர் போர்வையோடு விலகிப் போனார்கள். இக்கரைப் படைத்தலைவன் சங்கை எடுத்து வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். ஆறாவது விரலை மடக்கும்போது குரத்தியார் மறுபடியும் கூவினார்.

"நாற்று விட்டுவிட்டு நடாமல் வந்தவன் விலகுக."

படைத்தலைவன் காதைத் தேய்த்துக்கொண்டான். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான்.

"புறப்படும்போது அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு வந்தவன் விலகுக."

அக்கரையில் யாரோ சிரித்தார்கள். இக்கரையிலும் சிரித்தார்கள்.

"யானை திரும்பி வந்தது தெரிந்தவன் விலகுக."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வரிசையிலிருந்து ஒருவன் வேலை மணலில் குத்திவிட்டு நடந்தான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

அமைச்சர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார். விலக்கு நான்குதான், ஐந்தாவது என்று ஒன்று வழக்கத்திலேயே இல்லை என்றார். நான்கோடு நிறுத்து என்று எங்கே சொல்லியிருக்கிறது என்று குரத்தியார் கேட்டார். அமைச்சருக்குத் தெரியவில்லை. அடுத்த விலக்கு அவர் தலைக்கு மேலேயே போயிற்று. நனைந்த வேட்டியோடு திரும்பிப் போனார்.

பிறகு அரசனே குதிரையில் வந்தான். எப்போதும் அம்மையே என்று கைகூப்புகிறவன், அன்றைக்கு மரியாதையைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

"நீ எந்த நாட்டுக்காரி?"

"இந்த நாட்டுக்காரிதான் அரசே. அதனால்தான் முகத்தை உங்கள் படைப்பக்கம் வைத்துக்கொண்டு கூவுகிறேன்."

"என் சோற்றைத் தின்றுகொண்டு என் படையைக் கலைக்கிறாய்."

"சோற்றை விளைவித்தவர்கள் அதோ நிற்கிறார்கள். அவர்களை உயிரோடு வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறேன்." சொல்லிவிட்டு நிமிர்ந்து, கன்று போட்ட பசுவைக் கறக்க வேறு ஆள் இல்லாதவன் விலகுக என்று கூவினார்.

"நாளைக்கே உன் குன்றை இடித்துத் தள்ளுவேன்."

"இடிக்க ஆள் வேண்டும் அரசே. அவர்களையும் கூப்பிடுவேன்."

அரசன் குதிரையைத் திருப்பினான். எயினனுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது.

உச்சி வெயிலில் குரத்தியாரின் குரல் கரகரத்தது. ஒரு சொல் பாதியில் உடைந்தது. அடுத்த சொல் வெறும் காற்றாகத்தான் வந்தது. கரையில் படைத்தலைவன் நிமிர்ந்து உட்கார்ந்து எண்ணத் தொடங்கினான். குரத்தியார் திரும்பி எயினனைப் பார்த்தார். அவன் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு திட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தான் ஒருவன் குரலால் என்ன ஆகும் என்று கேட்டவன் எயினன். இப்போது அந்த ஆற்றில் அவன் குரலைத் தவிர வேறு குரல் இல்லை. படைத்தலைவன் எட்டாவது விரலை மடக்கினான்.

"மூன்றாம் வரிசை, சாத்தன்" என்று எயினன் கூவினான். தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவனே மறந்து போயிருந்தான். "முழங்கால் வலியை மூன்று வருடமாக மறைக்கிறாய். மருந்து அரைத்துக் கொடுத்தவன் நான்தான். விலகு."

சாத்தன் தலையைச் சொறிந்தான். பிறகு நொண்டிக்கொண்டே விலகினான்.

எயினன் நிறுத்தவில்லை. கூட இருந்து ஒரே பானையில் கஞ்சி குடித்தவர்கள், குன்றுக்கு மருந்துக்கு வந்தவர்கள், யார் வீட்டில் கூரை ஒழுகுகிறது, யார் மனைவிக்கு மாதம் நெருங்கியிருக்கிறது, எல்லாம் அவனுக்குத் தெரியும். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சிலர் விலகினார்கள். பலர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் காறித் துப்பினான்.

முதல் வரிசைக்கு வந்தான். வேண்மானுக்கு இடப்பக்கம் நின்றவனைக் கூப்பிட்டான். அடுத்தது வேண்மான். முகம் சிவந்து, அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஏழு வயதிலேயே அந்த மகன் கையில் வேலைக் கொடுத்து, முதுகு காட்டினால் என் முகத்தில் விழிக்காதே என்று சொன்னவன் எயினன்தான். இத்தனை பேர் நடுவில் அப்பனே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை காலமெல்லாம் கோழை என்று பேர் வாங்குவான். அதற்கு அவன் செத்துப்போவதே மேல் என்று ஒரு கணம் எயினனுக்குத் தோன்றியது. தோன்றியதும் மகன் முகத்திலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டான். படைத்தலைவன் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தான். எயினன் வலப்பக்கம் நின்றவன் பெயரைக் கூவினான்.

பொழுது சாய்ந்தது. சூரியன் விழுந்த பிறகு போர் தொடங்கக் கூடாது. சங்கு ஊதாமலே பைக்குள் போயிற்று, படைகள் பாசறைக்குத் திரும்பின. மறுநாள் எல்லாவற்றையும் முதல் விலக்கிலிருந்து தொடங்கியாக வேண்டும்.

எயினன் திட்டில் குரத்தியார் பக்கத்தில் உட்கார்ந்தான். தொண்டை எரிந்தது. இக்கரையில் விலகியவர்கள் நாற்பத்தொரு பேர், அக்கரையில் இருபத்தாறு பேர். இரண்டு கரையிலும் சேர்த்து நிற்பவர்கள் ஆறாயிரம்.

"அம்மா, நேற்றுக் கேட்டதைத்தான் மறுபடியும் கேட்கிறேன்" என்றான். "ஒருவன் குரலால் என்ன ஆகும்?"

குரத்தியார் குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அவனிடம் கொடுத்தார். அவன் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார். அவருக்குக் குரல் இல்லை. கிட்டே வரச் சொல்லிச் சைகை செய்தார். எயினன் குனிந்து, முழுசாக இருந்த காதைக் காட்டினான்.

"எனக்கு நாளைக்குக் குரல் எழாது. நீர்தான் கூவ வேண்டும்" என்றார். "முதலில் உம் மகனைக் கூப்பிடும்."