நிலாவின் மேல் போட்ட பழி

அல்லிக்குளத்துக் காட்டில் பௌர்ணமி வந்தால் எல்லாருக்கும் கொண்டாட்டம். பூவந்திக்கு மட்டும் சிறை.

பூவந்தி ஒரு கரடி. அவள்மேல் யாருக்கும் பகை கிடையாது. ஆனால் முழு நிலாவைக் கண்டால் அவளுக்குப் பித்துப் பிடித்துவிடும் என்று காடே நம்பியது. அதனால் பௌர்ணமியன்று காலையிலேயே அவள் தன் பாறைப் பொந்துக்குள் போய்விட வேண்டும். விலங்குகள் கூடி இலந்தை முள்ளையும் கள்ளியையும் இழுத்து வந்து வாசலை அடைப்பார்கள். மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் திறப்பார்கள். இதற்கு 'முள்கட்டு' என்று பெயர்.

திறந்ததும் பூவந்தி உறுமிக்கொண்டு பாய்வாள். எதிரே நிற்பவரை அறைவாள். குறுக்கே கிடக்கும் செடியைப் பிடுங்கி எறிவாள்.

"பார்த்தீர்களா! இன்னும் தெளியவில்லை. நல்லவேளை, கட்டி வைத்தோம்!" என்று எல்லாரும் தங்களையே மெச்சிக்கொள்வார்கள்.

பூவந்தியும் நம்பினாள். ஊரே கூடிச் சொல்கிறது, பொய்யாகவா இருக்கும்?

அந்த வருஷம் அவள் பேறுகாலத்துக்காக மலைச்சரிவுக்குப் போனாள். திரும்பி வந்தபோது முதுகில் ஒரு குட்டி இருந்தது. அம்மாவின் மயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, காதுக்குள் மூக்கை நுழைத்து, ஓயாமல் எதையோ முணுமுணுக்கும் குட்டி. பூவந்தி கல்லைத் தாண்டினால் அதுவும் ஒரு குலுக்குக் குலுங்கும். அதற்காகவே அவள் கல்லைச் சுற்றி நடந்தாள்.

அவள் வந்த மறுநாளே மருதமரத்தடியில் கூட்டம் கூடியது. கிளைமேல் செம்முகத்தார் உட்கார்ந்தார். அவர் குரங்குக் கூட்டத்தின் தலைவர். காட்டில் எந்த வழக்கென்றாலும் அவர் வாயால்தான் தீர்ப்பு வரும்.

"பூவந்தி, இதுவரை நீ தனி ஆள். கட்டி வைத்தோம், சரி. இப்போது குட்டியையும் உன்னோடு வைத்துக் கட்ட முடியுமா? பித்தில் நீ அதை என்ன செய்வாயோ! அடுத்த பௌர்ணமிக்குள் குட்டியை எங்களிடம் விட்டுவிடு. எங்கள் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்."

பூவந்தி மெல்லக் கேட்டாள். "பௌர்ணமி கழிந்ததும் தந்துவிடுவீர்களா, ஐயா?"

"அது எப்படி? மாதா மாதம் கைமாறினால் குட்டி யாரை அம்மா என்று நினைக்கும்? ஒரேயடியாக எங்களிடமே இருக்கட்டும். எல்லாம் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்."

வேண்டாம் என்று சொல்லப் பூவந்திக்கு வாய் வரவில்லை. அவளுக்கே தன்மேல் பயம். குட்டியோ ஒன்றும் புரியாமல் அவள் காதைச் சப்பிக்கொண்டிருந்தது.

"நன்றாக இருக்கிறது நியாயம்!" என்று கறையான் புற்றின் உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். நறுவிலி! கீரிப் பெண். வாலை விட வாய் நீளம் என்று காட்டில் பெயர் வாங்கியவள்.

"வந்துவிட்டாள் வாயாடி," என்று செம்முகத்தார் முகத்தைச் சுளித்தார்.

"வராமல்? நிலாவுக்கும் பித்துக்கும் என்ன சம்பந்தம்? யாராவது ஒருவர் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்."

காட்டுப்பன்றி மொத்தையன் முன்னால் வந்தான். "நான் சொல்கிறேன், கேள். என் மாமியாரைப் பார்! பௌர்ணமி வந்தால் போதும், என்னைத் துரத்தித் துரத்தி முட்டுவாள்."

"மற்ற நாளில் முட்டமாட்டாளா, மாமா?"

"ஏன் முட்டாமல்? தினமும்தான் முட்டுவாள்."

"அதற்கு என்ன காரணம்?"

"அது அவள் குணம்!"

"அப்படியானால் பௌர்ணமியன்று முட்டினால் நிலா. மற்ற நாளில் முட்டினால் குணம். அருமை, மாமா! உங்களோடு வாதாட என்னால் முடியாது."

முயல்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. மொத்தையனும் சேர்ந்து சிரித்தான். எதற்கென்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

நறுவிலி கரடியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, மலைச்சரிவில் இருந்தாயே, அங்கேயும் பௌர்ணமி வந்திருக்குமே! பித்துப் பிடித்ததா?"

"இல்லை. ஆனால் நான் குகையை விட்டு வெளியே வரவில்லையே, நறுவிலி. நிலா என் கண்ணில் படவே இல்லை."

"பார்! அவளே ஒத்துக்கொள்கிறாள்!" என்று செம்முகத்தார் கிளையைத் தட்டினார்.

நறுவிலிக்கு முடி சிலிர்த்தது. "இங்கேயும்தான் அவள் நிலாவைப் பார்ப்பதில்லை! முள்ளுக்குப் பின்னால் கிடக்கிறாள். பிறகு எப்படிப் பித்து வரும்? தண்ணீர் இல்லாமல் அடைத்து வைத்தால் யார்தான் உறுமமாட்டார்கள்? உங்களை அடைத்தாலும் இதே கதைதான்!"

"என்னையா?" செம்முகத்தார் நிமிர்ந்தார். "நான் கோபப்பட்டு இந்தக் காட்டில் யாராவது பார்த்ததுண்டா?"

"அப்படியானால் வாருங்கள்! வருகிற அமாவாசையன்று, நிலாவே இல்லாத நாளில், அதே பொந்தில் இருந்து காட்டுங்கள். அமைதியாக வெளியே வந்தால் நிலாதான் குற்றவாளி. குட்டி உங்களுக்கு. இல்லையென்றால் குட்டி அம்மாவோடு இருக்கும், முள்கட்டும் அன்றோடு ஒழியும். சம்மதமா?"

சபையே வாயைப் பிளந்தது. மறுத்தால் மானம் போய்விடும். செம்முகத்தார் தொண்டையைக் கனைத்தார்.

"சம்மதம். ஆனால் இரவெல்லாம் முடியாது. எனக்கு மூட்டு வலி. பொழுது சாயும்வரைதான்."

"பொழுது சாயும்வரையே இருங்கள், பெரியவரே. அக்காவுக்கு ஒரு பகலும் இரவும். உங்களுக்குப் பகல் மட்டும்!"

கூட்டம் கலைந்தது. நறுவிலி வெற்றிக் களிப்போடு துள்ளிக்கொண்டு வந்தாள். பூவந்தி அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன அக்கா, பேசமாட்டேன் என்கிறாய்?"

"என் குட்டியை வைத்தா பந்தயம் கட்டினாய்?"

நறுவிலியின் வால் தரையில் விழுந்தது.

"உனக்கு வாதத்தில் ஜெயிக்க வேண்டும், நறுவிலி. எனக்குக் குட்டி வேண்டும். இரண்டும் ஒன்றில்லை."

கீரிப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தப்புத்தான், அக்கா. வாய் முந்திக்கொண்டது." சற்று நேரம் மண்ணைக் கிளறினாள். "ஒன்று கேட்கட்டுமா? முதன்முதலில் என்ன நடந்தது? எதை வைத்து உனக்குப் பித்து என்றார்கள்?"

பூவந்தி யோசித்தாள். "மலைத்தேன் எடுக்கப் போனேன். தேனீக்கள் இரண்டு கண்ணிலும் கொட்டிவிட்டன. இமை வீங்கி மூடிக்கொண்டது. எரிச்சல் தாங்காமல் குளத்துக்கு ஓடிவந்தேன். வழி தெரியவில்லை. யார்யார் மேலோ மோதினேன். அன்றைக்குப் பௌர்ணமியாம்."

"இதை நீ யாரிடமும் சொல்லவில்லையா?"

"யாரும் கேட்கவில்லையே. நீதான் முதலில் கேட்கிறாய்."

நறுவிலி கரடியின் முன்னங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். குட்டி இறங்கி வந்து அவள் வாலைப் பிடித்து இழுத்தது. அவள் இழுக்க விட்டாள்.

அமாவாசை வந்தது. செம்முகத்தார் காலையிலேயே குளித்து, மயிரைக் கோதிக்கொண்டு வந்து சேர்ந்தார். "பொறுமை என்றால் என்னவென்று இன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்!" என்று சொல்லிவிட்டு ராஜநடை போட்டுப் பொந்துக்குள் போனார். விலங்குகள் முள்ளை இழுத்து வாசலை அடைத்தார்கள்.

வெயில் ஏறியது. பாறை சுட்டது. உள்ளே காற்றில்லை.

வழக்கம்போல வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. பூவந்தி உள்ளே கிடக்கும்போது செய்கிற அதே வேலை. மொத்தையன் முள் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான்.

"ஐயோ! முகம் சிவந்துவிட்டது!"

"என் முகம் பிறந்ததிலிருந்தே சிவப்புடா, மடையா!" என்று உள்ளிருந்து கத்தல் வந்தது.

"ஏசுகிறார்! பித்து ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது!"

"எனக்கொன்றும் பித்தில்லை! தூரப் போங்கள்!"

"பித்துப் பிடித்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்களாம்," என்றது ஒரு முயல்.

உள்ளேயிருந்து ஒரு கல் பறந்து வந்தது. கூட்டம் சிதறி, மறுபடியும் கூடியது. யாரோ ஒரு குச்சியை உள்ளே விட்டுக் குத்திப் பார்த்தார்கள். உறுமல் கேட்டது. எல்லாரும் 'ஓ' என்று கூவினார்கள்.

சற்றுத் தள்ளி, குட்டியை முதுகில் சுமந்தபடி பூவந்தி நின்றுகொண்டிருந்தாள். அந்தக் குச்சியை அவளுக்குத் தெரியும். அந்த 'ஓ'வையும் தெரியும். வெளியே இருந்து இப்போதுதான் கேட்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் கத்தல் ஓய்ந்தது. உலர்ந்த குரல் ஒன்று மட்டும் வந்தது.

"தண்ணீர்... யாராவது கொஞ்சம் தண்ணீர்..."

பூவந்தி முன்னால் நடந்தாள்.

நறுவிலி குறுக்கே பாய்ந்தாள். "அக்கா, வேண்டாம்! இன்னும் பொழுது சாயவில்லை. இப்போது திறந்தால் பந்தயம் செல்லாது. 'நேரம் வரை விட்டிருந்தால் அமைதியாக வந்திருப்பேன்' என்று மாற்றிப் பேசுவார். குட்டி போய்விடும், அக்கா! கொஞ்சம் பொறு!"

பூவந்தி நின்றாள். முதுகில் குட்டியின் சூடு தெரிந்தது. அதன் மூச்சு காதில் பட்டது.

"உள்ளே எப்படி இருக்கும் என்று இந்தக் காட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும், நறுவிலி," என்றாள். "தெரிந்த நானே நின்று பார்த்தால் அப்புறம் யார் திறப்பார்கள்?"

கீரிப் பெண் விலகி வழிவிட்டாள்.

பூவந்தி முள்ளைப் பிடுங்கினாள். கையில் குத்தியது. அவள் நிறுத்தவில்லை. கடைசிக் கள்ளி விழுந்ததுதான் தாமதம், செம்முகத்தார் பல்லைக் காட்டி உறுமிக்கொண்டு பாய்ந்தார். எதிரே நின்ற பூவந்தியின் மூக்கில் பிறாண்டினார். குறுக்கே கிடந்த செடியைப் பிடுங்கி எறிந்தார். விழுந்தடித்துக் குளத்துக்கு ஓடி, தலையோடு தண்ணீரில் விழுந்தார்.

அவர் செய்த ஒவ்வொன்றும் காடு ஏற்கெனவே பார்த்ததுதான். அப்போது செய்தவள் பூவந்தி.

மொத்தையன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். "நிலாவே இல்லையே! அப்புறம் எதனால் இவருக்குப் பித்துப் பிடித்தது?"

ஒவ்வொருவராகத் தரையில் கிடந்த முள்ளைப் பார்த்தார்கள். நறுவிலி வாயைத் திறந்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. பூவந்தியின் மூக்கில் இரத்தத்தைப் பார்த்ததும் பேசாமல் மூடிக்கொண்டாள்.

செம்முகத்தார் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினார். கரையில் பூவந்தி நின்றாள்.

"இன்னும் குடியுங்கள், ஐயா. முதல் வாயில் அடங்காது," என்றாள்.

அவர் அவள் மூக்கைப் பார்த்தார். தன் நகத்தைப் பார்த்தார். "பூவந்தி... ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இப்படியா?"

"ஆமாம், ஐயா."

"இரவும் சேர்த்தா?"

"ஆமாம்."

பந்தயம், நேரம், சாட்சி, எதைப் பற்றியும் அவர் பேசவில்லை. தண்ணீரில் நின்றபடியே கைகூப்பினார். "குட்டி உன்னுடையது, தாயே. அதைக் கேட்க எனக்கு எப்படித்தான் வாய் வந்ததோ!" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கே அந்த முள்ளை எல்லாரும் சேர்ந்து பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

அடுத்த பௌர்ணமி வந்தது. பொழுது சாயும் நேரத்தில் பூவந்தி குளத்தங்கரைக்கு வந்தாள். ஆசையாக வரவில்லை. பயந்து பயந்து வந்தாள். குட்டியை நறுவிலியின் பக்கத்தில் இறக்கிவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

"ஒருவேளை எனக்கு ஏதாவது ஆனால், நீ இவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடு."

"உன் குட்டி என்னைவிடப் பெரியவன், அக்கா. நான் எங்கே தூக்க!"

மரங்களுக்கு மேலே நிலா வந்தது. முழுசாக, மஞ்சளாக, அவசரமே இல்லாமல் வந்தது. குளத்து அல்லியெல்லாம் விரிந்தது. பூவந்தி கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். தனக்குள்ளே ஏதாவது கிளம்புகிறதா என்று கவனித்தாள். ஒன்றும் கிளம்பவில்லை. கொஞ்சம் பசித்தது.

"இதுவா?" என்றாள். குரல் உடைந்தது. "இதற்கா என்னை அடைத்தார்கள்? இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாருமே சொல்லவில்லையே!"

குட்டி தத்தித் தத்தி வந்து அவள் மடியில் ஏறியது. இந்த முறை அவள் விலகவில்லை. இறுக அணைத்துக்கொண்டாள்.

புதருக்குள்ளிருந்து மொத்தையன் கெட்ட வார்த்தையில் யாரையோ ஏசுவது கேட்டது.

"என்ன மாமா, நிலாவா?" என்று நறுவிலி குரல் கொடுத்தாள்.

"கல் தடுக்கிவிட்டது! எழுந்து நிற்க முடியவில்லை. இங்கே வந்து காலைப் பார், பெண்ணே!"

நறுவிலி சிரித்துக்கொண்டே எழுந்து ஓடினாள்.

ஒருவர் ஏன் கோபப்படுகிறார் என்று பக்கத்தில் போய்க் கேட்க மனமில்லாதவர்களுக்குத்தான், பழிபோட வானத்தில் ஒரு நிலா தேவைப்படுகிறது.