பெரிய அண்டாவும் கறுப்புக் கார்டும்

எல்லாரும் உக்காருங்கய்யா. ஏ மூக்கம்மா, அந்தச் சேலக் கதைய அப்புறம் வச்சுக்கோ. இங்க நான் ஒருத்தன் பேசுததே ஊருக்குப் போதும்.

அம்பாசமுத்திரத்துல உச்சிமாகாளி அண்ணாச்சின்னு ஒருத்தரு. வாடகப் பாத்திரக் கட வச்சிருக்காரு. வயசு அம்பத்தஞ்சு. அவரு குருன்னு நம்புத சாமி ஆத்தங்கர மடத்துல இருக்காரு. வயசுல அண்ணாச்சிக்கு மவன் மாதிரி. அந்தச் சாமி வாயத் தொறந்தா அன்னைக்கு விசேஷம்.

ஒரு நா பேங்க்காரன் ஒருத்தன் கடைக்கு வந்தான். எப்படிப் பேசுனான் தெரியுமா?

"சார், கறுப்புக் கிரெடிட் கார்டு சார். உங்கள மாதிரி பிசினஸ்மேனுக்கு மட்டும்தான் சார். லிமிட் பத்து லட்சம் சார். ஏர்போர்ட்ல சோபால சாஞ்சுக்கிட்டு ஃப்ரீயா சாப்பிடலாம் சார்."

அண்ணாச்சி ஏர்போர்ட் வாசலக்கூடப் பாத்ததில்ல. ஆனா அத்தன சார் கேட்டதும் முதுகு தானா நிமிந்துட்டு.

வருசக் கட்டணம் முப்பதாயிரம். முன்னாடியே கட்டணும். வருசத்துக்குள்ள எட்டு லட்சம் செலவு பண்ணிக் காட்டுனா அது திரும்பி வந்துருமாம்.

அண்ணாச்சி கையில இருந்த முப்பதாயிரம், பித்தளப் பாத்திரத்துக்கெல்லாம் ஈயம் பூச வச்சிருந்த காசு. தை மாசக் கலியாணத்துக்கு முன்ன பூசியாவணும். பூசாத பாத்திரத்துல புளி போட்டா களிம்பேறிரும். ஒரு பந்தியில நாலு பேரு வாந்தி எடுத்தாப் போதும், கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான். பேங்க்காரன் என்னடான்னா, இன்னைக்கு சாயங்காலத்தோட ஆஃபர் முடியுதுன்னுட்டான்.

அண்ணாச்சி மடத்துக்குப் போனாரு.

"சாமி, இந்தக் கார்ட வாங்கலாமா, வேண்டாமா?"

சாமி திருப்பிக் கேட்டாரு.

"உங்க கடையிலயே பெரிய அண்டா எது?"

"இருநூறு பேருக்குப் பொங்குத அண்டா ஒண்ணு கெடக்கு சாமி."

"இப்ப வேணும். வாடக இந்தாங்க."

"உங்ககிட்டப் போயி வாடகையா..."

"வாங்கிக்கிடுங்க."

டெம்போவுல அண்டா வந்து எறங்குச்சு. நாலு பேரு சேந்து அடுப்புல ஏத்துனாங்க. சாமி அரப்படி அரிசியக் களைஞ்சு உள்ள போட்டாரு. அரிசி எங்க கெடக்குன்னு குனிஞ்சு தேடணும்.

"எத்தன பேரு சாமி சாப்பிட?"

"நாலு பேரு."

"ஐயய்யோ, இதுல இத்துணூண்டு போட்டா அடியில ஒட்டித் தீஞ்சுருமே சாமி. பாதி அண்டாவாவது ரொம்பணும்."

சாமி விறக உள்ள தள்ளுனாரு.

தன் அண்டா தீயுதத எந்தப் பாத்திரக் கடக்காரன் பாத்துக்கிட்டு நிப்பான்? அண்ணாச்சி தண்ணிய ஊத்தச் சொன்னாரு. அதே டெம்போவத் தன் வீட்டுக்கு வெரட்டி ஒரு மூட்ட அரிசி எடுத்தாரச் சொன்னாரு. மூட்ட வந்துச்சு. அருவாள எடுத்து மூட்ட வாயில வச்சாரு.

"யாரு அண்ணாச்சி இம்புட்டயும் சாப்பிட?"

"அது தெரியல சாமி. வாடக குடுத்தாச்சு, அண்டாவ ஏத்தியாச்சு. இனிச் சும்மா விட முடியுமா?"

சொல்லிட்டு அண்ணாச்சி அப்படியே நின்னுட்டாரு. கை மூட்டமேலயே இருக்கு. அடுப்பு மட்டும் எரியுது.

அப்ப அவரு சட்டப் பையில போனு அடிக்கு. பேங்க்காரன்தான். அண்ணாச்சி அத எடுக்கவும் இல்ல, நிப்பாட்டவும் இல்ல. அடிச்சு ஓய்ஞ்சுது.

மெதுவாக் கேட்டாரு.

"இருந்தாலும் சாமி, அவங்க பத்து லட்சம் தாராங்கல்லா?"

சாமி குனிஞ்சு அண்டாவுக்குள்ள பாத்தாரு.

"அவங்க தாரது அண்டாவா அண்ணாச்சி, அரிசியா?"