முள்வேலிக்குள் ஓர் ஊற்று

ஒரு காட்டில் அந்த வருஷம் ஆனி மழையும் ஆடி மழையும் பொய்த்துப் போயின. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. காடு முழுவதற்கும் இருந்தது ஒரே ஓர் ஊற்று. அதுவும் தானாக வந்துவிடவில்லை, குழந்தைகளே. யானையம்மா காலால் மணலைப் பறித்து, துதிக்கையால் அள்ளிக் கொட்டி, மூன்று நாள் பாடுபட்டுக் கொண்டுவந்த தண்ணீர் அது.

"தோண்டினது நான். உள்ளே தண்ணி வச்சிருந்தது ஆண்டவர். எல்லாரும் வாங்க" என்று அது காட்டையே கூப்பிட்டது. எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

மறுநாள் காலை யானையம்மா ஆற்றின் மேல்பக்கத்தில் இன்னோர் ஊற்றுத் தோண்டப் புறப்பட்டது. போகும்முன் முள்ளம்பன்றியிடம், "மணல் சரிஞ்சு ஊத்து மூடிராம பாத்துக்கோ. வாறவங்க குடிச்சிட்டுப் போகட்டும்" என்றது.

முள்ளம்பன்றி ரொம்ப நேர்மையான பிராணி. அந்த நேர்மையைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் வம்பில்லை. அதுவோ, "ஆண்டவர் வச்ச தண்ணியைக் கண்டவனும் குடிக்கலாமா? குத்தம் செய்யாதவங்கதான் குடிக்கணும்" என்று தானே ஒரு சட்டம் போட்டுவிட்டது.

முதலில் குரங்கு வந்தது.

"ஏலே, கரடி வச்சிருந்த தேனடையை எடுத்தது யாரு?"

"ஒரே ஒரு தடவைதான், அண்ணாச்சி..."

"அப்போ உனக்குத் தண்ணி கிடையாது."

முள்ளம்பன்றி தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி ஊற்றோரத்தில் நட்டது. அடுத்து வந்த கரடி, பாம்பு குடியிருந்த புற்றை இடித்திருந்தது. அதற்கொரு முள். மயில் குயிலைக் கேலி செய்து அழவைத்திருந்தது. அதற்கும் ஒரு முள். இப்படியே ஊற்றைச் சுற்றி வேலி வளர்ந்தது, முள்ளம்பன்றியின் முதுகு பாதி மொட்டையானது.

உச்சி வெயிலில் ஒரு புள்ளிமான் தன் குட்டியை முட்டுக்கொடுத்து நடத்திக்கொண்டு வந்தது. குட்டிக்கு நாக்கு வெளியே தள்ளியிருந்தது.

"காடைக் கூட்டை மிதிச்சு முட்டையை உடைச்சது நீதானே?" என்றது முள்ளம்பன்றி.

"புலிக்குப் பயந்து ஓடினேன், அண்ணாச்சி. கால்ல என்ன பட்டுச்சுன்னே தெரியல. எனக்கு வேண்டாம். குட்டிக்கு மட்டும் ஒரு வாய்..."

"சட்டத்துல குட்டிக்குன்னு தனியா எதுவும் இல்ல."

குட்டி மணலில் சுருண்டு விழுந்தது. மானுக்கும் ஒரு முள்ளை நட்டு வேலியை முடித்துவிட்டு, முள்ளம்பன்றி தான் குடிக்கக் குனிந்தது. அதற்கும் தாகம்தானே!

அப்போது வேலிக்கு வெளியே கிடந்த ஓர் ஆமை மெல்லக் கேட்டது: "அண்ணாச்சி, நீங்க ஒரு குத்தமும் செஞ்சதில்லையா?"

முள்ளம்பன்றி யோசித்தது. முயலின் வளைக்குள் புகுந்து, அது சேர்த்து வைத்திருந்த கிழங்கைத் தின்றது நினைவுக்கு வந்தது. பொய் சொல்ல அதற்குத் தெரியாது. வாயை நனைக்காமலே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தது.

இப்போது நடுவில் தண்ணீர் பளபளத்தது. சுற்றிலும் எல்லாப் பிராணிகளும் வறண்ட தொண்டையோடு கிடந்தன. தூரத்தில் ஒரு கழுதைப்புலியும் வந்து படுத்தது. போன வருஷம் இதே மானின் மூத்த குட்டியைத் தின்றது அதுதான். தண்ணீர் கேட்கக்கூட அதற்கு வாய் வரவில்லை.

அந்த நேரம் யானையம்மா திரும்பி வந்தது. வேலியைப் பார்த்தது. விழுந்து கிடந்த குட்டியைப் பார்த்தது. துதிக்கையைச் சுழற்றி முள்வேலியை வாரி எறிந்தது. முட்கள் துதிக்கையில் ஏறி ரத்தம் கசிந்தது. அதைக் கவனிக்காமல், முதலில் மான்குட்டியின் வாயில் தண்ணீரை விட்டது. குட்டி கண்ணைத் திறந்தது. பிறகு தாய்மானுக்கு, குரங்குக்கு, கரடிக்கு, மயிலுக்கு, ஆமைக்கு. அப்புறம் நேரே கழுதைப்புலியிடம் போனது.

மான் பதறிவிட்டது. "அம்மா, அதுக்குமா? அது என் பிள்ளையைத் தின்னது!"

"தெரியும் தாயி. உன் வயிறு எரியுறதும் தெரியும். ஆனா உன் குட்டிக்குத் தண்ணி வச்ச ஆண்டவர்தான் அதையும் படைச்சார். உனக்குத் தண்ணி தரும்போது நான் காடை முட்டையைப் பத்திக் கேக்கலியே."

மான் கழுதைப்புலியைப் பார்த்தது, தன் குட்டியைப் பார்த்தது. பிறகு குட்டியை அணைத்தபடி ஓர் அடி விலகி வழிவிட்டது. கழுதைப்புலி குடித்தது. குடிக்கும்போதே அதன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

முள்ளம்பன்றி ஒரு புதருக்குப் பின்னால் ஒளிந்து நின்றது. யானையம்மா அதையும் விடவில்லை.

"ஏன் தள்ளி நிக்கே? உனக்கும் தாகம்தானே? வா, குடி."

துதிக்கை நீண்டு அதன் வாய்க்கு நேரே தண்ணீரை ஊற்றியது. அந்தத் துதிக்கையில் முள்ளம்பன்றியின் முள் ஒன்று இன்னும் குத்திக்கொண்டிருந்தது.

நீதி: ஆண்டவர் நம் தகுதியைப் பார்த்து இரங்குகிறவர் அல்ல, தாகத்தைப் பார்த்து இரங்குகிறவர்; அவர் திறந்து வைத்த ஊற்றுக்கு நாம் வேலி கட்டக் கூடாது.